கன்றும் பையும்

மரக்கன்று வாங்கச் செல்பவரின் கண் முதலில் எங்கே போகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கன்றின் உச்சிக்குப் போகிறது. எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார். பிறகு இலையின் பசுமையைப் பார்க்கிறார். அதன்பின் விலையைக் கேட்கிறார். கன்று நிற்கும் பையையோ தொட்டியையோ அவர் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போனதும் கிழித்தெறியவேண்டிய பொருளைப் பார்ப்பானேன் என்பது அவரது எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்திற்கான விலையை நான் கொடுக்கவில்லை; வேறொருவர் கொடுத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கும் கூமாப்பட்டிக்கும் அருகில் இருக்கும் ஊர் கான்சாபுரம். 2025-இல் கைப்பேசிக் காணொலி ஒன்றின் வழியாகக் கூமாப்பட்டியின் பெயர் நாடெங்கும் பரவியபோது, அந்தப் பக்கத்தின் பசுமையைப் பலரும் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். பிளவக்கல் அணையின் நீரில் நெல்லும், வரப்பை ஒட்டித் தென்னையும், மலையோரத்தில் மாவும் விளையும் மண் அது. மண்ணைப் பற்றி அந்த மக்களுக்கு எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. இதை நான் காலம் கடந்து உணர்ந்தேன்.

அந்த வட்டாரத்தில் நான் பங்குப் பணியாற்றிய நாள்களில், கிளைக் கிராமம் ஒன்றின் சிற்றாலயத்திற்கு 2015-இல் பொன்விழா வந்தது. நினைவுத் தூண் ஒன்று எழுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். சிமெண்டில் இன்னொரு தூண் எதற்கு, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி மரம் வைக்கலாமே என்றேன். மக்கள் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். இருபது குடும்பங்கள் முன்வந்தன. ஒவ்வொரு குடும்பமும் இறந்துபோன தம்மவர் ஒருவரின் நினைவாக ஒரு மரத்துக்குப் பணம் தந்தது. நடவுக் கூலிவேலை செய்து வந்த ஒரு தாய், காய்ச்சலில் போன தம் ஒன்பது வயது மகனுக்காக நானூறு ரூபாயை இரண்டு தவணைகளில் கொண்டுவந்து கொடுத்தார். வேம்பு வேண்டும் என்று கேட்டார். வீட்டெதிரே இருந்த வேப்பமரத்தடியில்தான் அவன் எப்போதும் விளையாடுவானாம்.

வனத்துறை நாற்றங்காலில் சில ரூபாய்க்கே கன்று கிடைக்கும் என்று உபதேசியார் சொன்னார். முழங்கால் உயரமே இருக்கும் அந்தக் கன்றுகள் என் மனத்துக்குப் பிடிக்கவில்லை. பொன்விழாத் திருப்பலிக்கு வெளியூர்களிலிருந்து குருக்களும் விருந்தினரும் வருவார்கள். அவர்கள் கண்ணில் படும்படி மரங்கள் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொரு மாவட்டத்தில், நெடுஞ்சாலையோரத்தில் இருந்த தனியார் நர்சரி ஒன்றுக்குப் போனேன். பத்தடி உயரத்தில் கன்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வேம்பு, புங்கம், பூவரசு, மகிழம் என இருபதையும் வண்டியில் ஏற்றினோம். உயரத்தைக் கேட்டேன், விலையைப் பேசினேன், குறைத்தும் வாங்கினேன். அவை எந்தப் பையில், எத்தனை ஆண்டுகளாக நிற்கின்றன என்று கேட்கவில்லை.

இங்கே சற்று நின்று பையின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு தெரியாததால்தான் பின்னால் வந்தவை எல்லாம் வந்தன.

நம் மாநில வனத்துறையின் நாற்றங்கால்களில் 13-க்கு 25, 16-க்கு 30, 30-க்கு 45 சென்டிமீட்டர் என்னும் அளவுகளில் பாலித்தீன் பைகள் வழக்கத்தில் இருக்கின்றன. முதல் எண் பையின் அகலம்; இரண்டாவது அதன் உயரம். ஆனால் அந்த அகலம், மண் இல்லாமல் தட்டையாகக் கிடக்கும் பையை அளந்தது. மண்ணை நிரப்பியதும் பை உருளையாகிவிடுகிறது. அப்போது 16 சென்டிமீட்டர்ப் பையின் குறுக்களவு பத்துச் சென்டிமீட்டர்தான். 30 சென்டிமீட்டர்ப் பைக்குப் பத்தொன்பதுதான். வேருக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவே. மண்ணைக் கணக்கிட்டால், முதல் பை ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் கொள்ளும்; இரண்டாவது இரண்டேகால் லிட்டர்; மூன்றாவது பன்னிரண்டு லிட்டர். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது அகலம் இருமடங்குகூட ஆகவில்லை. மண்ணோ ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

தொட்டிகளை அங்குலத்தில் சொல்வார்கள். அது தொட்டியின் வாய் அகலம். ஆறு அங்குலத் தொட்டியைவிடப் பன்னிரண்டு அங்குலத் தொட்டி இருமடங்கு பெரிது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அகலத்தோடு உயரமும் இருமடங்கானால், அது எட்டு மடங்கு மண் கொள்ளும். இங்கிலாந்தில் பெரிய செடிகளை லிட்டர்க் கணக்கில் விற்கிறார்கள். அது நேர்மையான வழி. அமெரிக்காவில் காலன் கணக்கு உண்டு. அங்கே ஒரு காலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர். ஆனால் செடி விற்கும் இடத்தில் 'ஒரு காலன் தொட்டி' என்று வழங்கப்படுவது பெரும்பாலும் மூன்று லிட்டருக்கும் குறைவாகவே கொள்ளும். தொழிலில் உள்ளவர்கள் அனைவருக்கும் இது தெரியும். வாங்க வருபவர்தான் காலன் என்றால் காலன் என்றே நம்புகிறார்.

இது பொய்யா? நம் பாட்டன் காலத்தில் பட்டணம் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு. எந்தப் படி என்பது இருவருக்கும் தெரிந்திருந்தவரை அதில் வஞ்சம் இல்லை. ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்போதுதான் வஞ்சம் நுழைகிறது. இணைச்சட்டத்தின் 25-ஆம் அதிகாரம், ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கற்களை வைத்திருப்பதைத் தடை செய்கிறது. கல்லின் அளவைவிட, அதைப் பையில் மறைத்து வைப்பதே அங்கே குற்றமாகத் தெரிகிறது.

சரி, பை சிறிதாக இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று? நட்டபின் வேர் வெளியே ஓடிவிடாதா?

வேர் முன்னோக்கித்தான் வளரும். பையின் சுவரில் முட்டியதும் அது நின்றுவிடாது, திரும்பும். சுவரோடு ஒட்டி வட்டமாக ஓடும். ஆணிவேர் அடியில் முட்டி மடங்கும். இளம் வேராக இருக்கும்போது இதைத் திருத்தலாம். வேர் முற்றிக் கட்டையாகிவிட்டால், எடுத்த வளைவை விடாது. பையை நாம் கிழித்துவிடுவோம்; வேரோ பையின் வடிவத்திலேயே இருக்கும். அந்தச் சுருளிலிருந்து சில புதிய வேர்கள் வெளியே போகும். மரமும் சில ஆண்டுகளுக்குத் தழைக்கும். ஆனால் மரம் பருக்கப் பருக்க, சுருண்ட வேர்களும் பருத்து ஒன்றையொன்று நெருக்கும். சில வேளை அடிமரத்தையே சுற்றி இறுக்கும். ஐந்து ஆண்டுகளில் தெரியலாம். பத்து ஆண்டுகளும் ஆகலாம். விற்றவர், வாங்கியவர், நட்டவர் எவரும் அன்று அங்கே இருக்கமாட்டார்கள்.

பை என்பது உண்மையில் ஒரு பயணக்கலம். எகிப்தின் அரசி ஹாட்செப்சுட், கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் புண்டு நாட்டிலிருந்து சாம்பிராணி வகை மரங்களை வேர்மண்ணோடு கூடைகளில் வைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவரச் செய்தாள். தெய்ர் எல் பஹ்ரி கோவில் சுவரில், ஆட்கள் அந்தக் கூடைகளைத் தண்டு கட்டித் தூக்கிச் செல்லும் காட்சி இன்றும் சிற்பமாக இருக்கிறது. கூடை, கரை சேரும்வரைக்குமானது. என் பாட்டனார் புளியங்கன்றைப் பனையோலைக் கொட்டானில் வளர்ப்பார். கொட்டானோடு குழியில் வைத்துவிடுவார். அது ஒரு மழையில் மக்கிப்போகும். வேர் அதைக் கிழித்துக்கொண்டு போகும். கொட்டான் நெடுநாள் தாங்காது என்பதால் அவரும் கன்றை நெடுநாள் அதில் வைத்திருக்க முடியாது. பாலித்தீன் மக்குவதில்லை. அதனால் கன்றை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் அதில் நிறுத்தி வைக்கலாம் என்றாகிவிட்டது. நாளும் நீர் ஊற்றி, உரம் இட்டு, குச்சி கட்டினால் உச்சி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டேகால் லிட்டர் மண்ணில் பத்தடி மரம் நிற்கும், நீர் ஊற்றும் கை அருகில் இருக்கும்வரை.

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. சிறு பையில் இருந்த கன்றை நேற்று பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டு, இன்று பெரிய தொட்டியின் விலையைச் சொல்வார்கள். வேர் இன்னும் அந்த மண்ணைத் தொட்டிருக்காது. தண்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் செடி மட்டும் தளர்ந்து வரும். மண் கூட வராது. பெரிய தொட்டியில் சிறு செடி இருப்பதும் நல்லதன்று. வேர் குடிக்காத நீர் மண்ணில் தங்கி அழுகலைக் கொண்டுவரும்.

மாங்கன்று வாங்குவோரிடமும் இதைக் கண்டிருக்கிறேன். இராஜபாளையம் என்றால் சப்பட்டை மாம்பழம். அந்த ஒட்டுக்கன்று ஒன்றில் இரண்டு காய் தொங்கினால் போதும், பையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். காய்த்த மரத்தின் குச்சியை ஒட்டியதால் காய்க்கிறது. அந்தக் காய் ஒட்டுக்குத்தான் சாட்சி, வேருக்குச் சாட்சியன்று. முதல் மூன்று ஆண்டுகள் வரும் பூவைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள் தோட்டக்கலை அறிந்தவர்கள். கிள்ள யாருக்கு மனம் வருகிறது?

நடவு நாளன்று மக்கள் எல்லாரும் வந்தார்கள். குழிகள் மூன்றடிக்கு மூன்றடியாக, முறையாகவே வெட்டப்பட்டிருந்தன. முதல் பையை நானே பிளேடால் கீறி எடுத்தேன். அந்தத் தாயின் வேம்பு அது. மண்கட்டியைச் சுற்றி வெள்ளை வேர்களும் பழுப்பு வேர்களும் பின்னிக் கிடந்தன. எவ்வளவு வேர் பாருங்கள், நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா கன்றை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெருசா இருக்கே, சாமி. புடிக்குமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே, "நம்பிக்கை வேண்டும் அம்மா" என்றேன்.

அந்தப் பதிலை நினைக்கும்போது இன்றும் கூசுகிறது. அவர் அவநம்பிக்கையால் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பிடுங்கி நட்ட கை அது. குறுகிய கால நெல்லுக்கு நாற்றங்காலில் மூன்று வாரத்துக்குமேல் இருந்தால் நாற்று முற்றிவிடும், நட்டால் தூர் கட்டாது என்பது அவருக்கு அன்றாடச் செய்தி. மடகாஸ்கரில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஹென்றி தெ லொலானியே, 1983-இல் பதினைந்து நாள் இளநாற்றை நட நேர்ந்தபோது அது எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியதைக் கண்டார். இன்று நம் வயல்களில் திருந்திய நெல் சாகுபடி என்று வழங்கும் முறைக்கு அதுவே தொடக்கம். இந்த வரலாற்றை நான் ஒரு மறையுரையில்கூடச் சொல்லியிருக்கிறேன், ஒரு குருவின் சாதனை என்ற பெருமிதத்தோடு. ஆயினும் நெல்லுக்குப் பொருந்துவது வேம்புக்கும் பொருந்துமோ என்று நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்தார். 'நம்பிக்கை' என்ற சொல்லால் நான் அவர் வாயை அடைத்தேன்.

பொன்விழா சிறப்பாக நடந்தது. விருந்தினர் மரங்களைப் பாராட்டினார்கள்.

2021 ஆடியில் மலையிலிருந்து இறங்கிய காற்றில் ஒரே இரவில் மூன்று மரங்கள் சாய்ந்தன. மற்ற வீட்டு வேம்புகளும் முருங்கையும்கூட அன்று நின்றிருந்தன. காலையில் போனேன். அந்தத் தாய் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். அவருடைய வேம்பு வேரோடு புரண்டு கிடந்தது. ஆறு ஆண்டு மரம். மேலே குடை போல் தழை. கீழே பரந்து ஓடியிருக்கவேண்டிய வேருக்குப் பதிலாக, தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு போல ஒரு வேர்ச்சுருள். கட்டைவிரல் பருமனான வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு சாண் அகலத்துக்குள் சுற்றியிருந்தன. வெளியே போன வேர்கள் ஏழெட்டுதான், அவையும் மெல்லியவை. பார்த்த அளவில் பையின் வடிவம் தெரிந்தது.

அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பையைக் கழட்டவே இல்லையா, சாமி?"

கழற்றியவன் நான். அவர் கண்முன்னேதான் கழற்றினேன். அதை அவருக்கு நினைவூட்ட என் நா எழவில்லை.

சில நாள்களுக்குப்பின் சினத்தோடு அந்த நர்சரிக்குப் போனேன். உரிமையாளருக்கு என்னை நினைவிருந்தது. கைப்பேசியில் எடுத்திருந்த வேரின் படத்தைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. "வேர் சுத்தியிருக்கும்னு தெரியும் சாமி. மூணு நாலு வருசமா அதே பையில நின்ன கன்னு. ஆனா வர்றவங்க எல்லாம் உசரமாத்தான கேக்குறாங்க? சின்னதைக் காட்டுனா திரும்பிப் போயிடுறாங்க. நீங்களும் உசரத்தைத்தான கேட்டீங்க? பை உங்க கண்ணு முன்னாலதான இருந்துச்சு?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசிக் கேள்வி என்னோடு பேருந்தில் வந்தது.

குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர், புனித தாமஸ் அக்குவினாசின் 'சும்மா'வைச் சும்மா படிக்கக்கூடாது என்று வேடிக்கையாகச் சொல்வார். அந்த நூலின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பாகத்தில், 77-ஆம் வினா முழுவதும் வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சத்தைப் பற்றியது. விற்கும் பொருளின் குறையை விற்பவர் சொல்லக் கடமைப்பட்டவரா என்று அங்கே கேட்கிறார். குறை மறைவானது, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேரும் என்றால், சொல்லக் கடமைப்பட்டவரே என்பது அவர் விடை. இடியும் நிலையில் உள்ள வீட்டை உறுதியான வீடு என்றும், நொண்டிக் குதிரையை விரைவான குதிரை என்றும் விற்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் குறை வெளிப்படையானது, குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது போல, எனில் விலையைத் தக்கபடி குறைத்துக்கொண்டால் போதும்; வாய்திறந்து சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பத்தடி மரம், சாண் அகலப் பை. இது மறைவான குறையா, ஒற்றைக்கண் குதிரையா?

நர்சரிக்காரர் அதை ஒற்றைக்கண் குதிரை என்கிறார். பை கண்ணெதிரே இருந்தது உண்மைதான். வேர் மண்ணுக்குள் இருந்தது. ஆனால் வேர் எப்படி இருக்கும் என்பதைப் பையே சொல்லிக்கொண்டிருந்தது, படிக்கத் தெரிந்தவருக்கு. குதிரையின் கண் எவருக்கும் தெரியும். பையின் கணக்கு எல்லாருக்கும் தெரியாது. அக்குவினாஸ் மறைவு, வெளிப்படை என்று பிரித்தபோது, ஒருவருக்கு வெளிப்படையாக இருப்பதே இன்னொருவருக்கு மறைவாக இருக்கும் இந்த நிலையை நாம்தான் மேலே சிந்திக்கவேண்டும். என் தீர்ப்பு இது: எதிரே நிற்பவருக்குப் படிக்கத் தெரியாது என்று விற்பவர் அறிந்திருந்தால், அந்தக் குறை அந்த மனிதருக்கு மறைவானதே. சொல்லியிருக்கவேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளாகப் பையில் நிற்கிறது என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் சொல்லவில்லை. விலையையும் உயரத்துக்கு ஏற்ப ஏற்றியே வைத்திருந்தார். ஒற்றைக்கண் குதிரைக்கு இரு கண் குதிரையின் விலையைவிட அதிகம் வாங்கினார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்னொரு பாதி இருக்கிறது.

அறியாமையைக் குருமடத்தில் வகைப்படுத்திப் படித்தோம். எவ்வளவு முயன்றாலும் நீக்கமுடியாத அறியாமை உண்டு. அது குற்றத்தை நீக்கும். முயன்றால் நீக்கியிருக்கக்கூடிய அறியாமை உண்டு; அது குற்றத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. மூன்றாவது ஒன்றும் உண்டு. தெரிந்துகொண்டால் ஆசைப்பட்டதைச் செய்யமுடியாமல் போய்விடுமே என்று, தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுவது. அந்த அறியாமை குற்றத்தைக் கூட்டும் என்று எழுதியிருந்த தேர்வுத்தாளுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். முழங்கால் உயரக் கன்றை உபதேசியார் சொன்னார், கேட்கவில்லை. 'புடிக்குமா' என்று நடவுக்காரர் கேட்டார், சிரித்தேன். மண்கட்டியைச் சுற்றிய வேரை என் கையாலேயே தொட்டேன், அதைப் புகழ்ந்தேன். மூன்று முறை எனக்குச் சொல்லப்பட்டது. எனக்கு வேண்டியிருந்தது விருந்தினர் வரும் நாளில் நிற்கும் ஒரு மரம், அது நின்றது. ஆறு ஆண்டு கழித்து நிற்கவேண்டிய மரம் அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது. நான் வாங்கியது என் தேவைக்கு, பணம் அவருடையது.

நீண்டகாலம் சொந்தப் பணத்தைத் தொடாமல் பொதுப் பணத்தில் பொருள் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. விலையைக் குறைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். பேரம் பேசுவதை நேர்மை என்று எண்ணிக்கொள்கிறோம். சொந்தப் பணத்தில் வாங்குபவர் அறியாமல் ஏமாந்தால் அது அவர் இழப்பு. பிறர் பணத்தில் வாங்குபவர் கேட்காமல் ஏமாந்தால், இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவரை ஏமாற்றியதாகிவிடுகிறது.

கேட்டிருந்தால் என்ன கேட்டிருக்கவேண்டும்? இப்போது தெரியும். பை எந்த அளவு, இந்தப் பையில் எவ்வளவு காலம் நிற்கிறது, அடித்துளை வழியே வேர் வெளியே வந்திருக்கிறதா, குச்சியை அவிழ்த்தால் தண்டு தானாக நிற்குமா. ஒரே விலைக்கு இரண்டு கன்று இருந்தால், உயரம் குறைந்து அடித்தண்டு பருத்ததை எடுக்கவேண்டும். பை சிறிதாக இருந்தாலும் கன்றும் இளையதாக இருந்தால் குறையொன்றும் இல்லை. உபதேசியார் சொன்ன அந்த வனத்துறைக் கன்று பையில் சில மாதங்களே நின்றிருக்கும். நடும்போது சுருண்ட வேர் தெரிந்தால், மண்கட்டியின் அடியில் ஓர் அங்குலத்தை அறுத்துவிட்டு, பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறவேண்டும். செடியைக் காயப்படுத்துவது போலத் தோன்றும். அன்று என் கையில் பிளேடு இருந்தது. பையைக் கீறியதோடு நிறுத்திக்கொண்டேன்.

பங்குப் பேரவையைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். நர்சரிக்காரர் மூன்று கன்றுகளின் விலையைத் திருப்பித் தர முன்வந்தார். அவரையும் குறை சொல்லமாட்டேன். அறியாமல் விற்றவர்கூட, அறிந்தபின் ஈடு செய்யவேண்டும் என்பது அதே 77-ஆம் வினாவில் இருக்கிறது. அவர் 'சும்மா'வைப் படிக்காமலே அதைச் செய்தார். மூன்று குடும்பங்களுக்கும் என் பங்காக ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு குடும்பங்கள் பெற்றுக்கொண்டு, வனத்துறைக் கன்றுகளை வாங்கி நட்டன. ஓராண்டுக்குள் அவை என் இடுப்பைத் தாண்டிவிட்டன.

அந்தத் தாய் பணத்தைப் பெற்றுக்கொண்டார். கன்று வேண்டாம் என்றார். நானே நல்ல கன்றாகப் பார்த்து வாங்கி வருகிறேன், பையைப் பார்த்து வாங்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு அந்த மரந்தான் சாமி. ஆறு வருசம் தண்ணி ஊத்துனேன். அவன் இருந்திருந்தா அம்புட்டு வளத்தி இருந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டு ஊத்துனேன். இனி ஒண்ணும் வைக்க வேணாம்" என்றார். பணத்தை ஈடு செய்யலாம். ஆறு ஆண்டுகளை எந்தக் கணக்கில் ஈடு செய்வது? அறநெறி நூல்களில் இழப்பீடு பற்றிய பகுதியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் எனக்கு வழி கிடைக்கவில்லை. வற்புறுத்தாமல் விட்டதுதான் நான் செய்த சரியான செயல் என்று எண்ணுகிறேன். கல்லறைத் திருநாளன்று அவர் அந்த வெற்றிடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவைத்ததைப் பார்த்தேன்.

2022-இல் எனக்கு மாற்றல் வந்தது. பொன்விழாவுக்கு நட்டவற்றில் பதினேழு மரங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அவையும் அதே நர்சரியில், அதே பைகளில் நின்றவைதாம். அவற்றின் வேர் எப்படி இருக்கும் என்று தோண்டிப் பார்க்கலாமா என ஒருமுறை நினைத்தேன். தோண்டினால் இருக்கும் பிடிப்பும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். நிழல் நன்றாகவே தருகின்றனவாம். நான் இப்போது பணியாற்றும் ஊருக்கு அந்த மலைக்காற்று வருவதில்லை. ஆயினும் ஆடி பிறந்ததும் உபதேசியாருக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுவேன். அவருக்கும் நான் எதற்குப் பேசுகிறேன் என்று தெரியும். போன ஆடியில் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்:

"பதினேழும் நிக்குது, சாமி."